மான்ஸ்டர் மேனுவல், 2014 பதிப்பு: ரெண்டு வருஷம் காசிமேட்டு மொட்டை மாடில ஆடிட்டு எழுதுறேன்

இந்த புக்கு வாங்கலாமா வேணாமான்னு எங்க செட்டுல புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க, கேட்டு முடிச்ச உடனே அடுத்த கேள்வி "எந்த மான்ஸ்டர்ணா பெஸ்ட்டு"ன்னு வந்து நிக்குது, அப்புறம் அன்னிக்கு ஆட்டம் ஆடுன மாதிரிதான், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அதே வாக்குவாதம். ரெண்டுக்கும் சேத்து ஒரே எடத்துல பதில் எழுதி வெச்சிடறேன்.

தெரியாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு ஆட்டம், 1974ல அமெரிக்காவுல வந்தது. ஒருத்தர் கதை சொல்லுவாரு, அவருதான் டிஎம், மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர எடுத்துக்கிட்டு "நான் இத பண்றேன்"னு சொல்லுவாங்க, அது நடக்குமா நடக்காதான்னு 20 முகம் இருக்குற டைஸ் சொல்லும். எதிர்ல வர்ற மிருகம், பேய், பூதம், அரக்கன் எல்லாத்துக்கும் கணக்கு போட்டு வெச்சிருக்குற புக்குதான் மான்ஸ்டர் மேனுவல். மொதல் புக்கு 1977ல கேரி கைகாக்ஸ் எழுதினது. நான் இங்க சொல்றது அஞ்சாவது எடிஷனோட 2014 பதிப்பு, 352 பக்கம், கெட்டி அட்டை. 2025ல புதுசு ஒண்ணு வந்திருக்கு, 500க்கு மேல மான்ஸ்டர், ஆனா எங்க ஆட்டம் முழுக்க பழசுலதான் ஓடுச்சு, ஆடாத புக்க பத்தி நான் பேச மாட்டேன்.

ஆடறது மொத்தம் அஞ்சு பேரு. நான் டிஎம். மீன்பிடி துறைமுகத்துல ஐஸ் கம்பெனில வேலை பாக்குற அண்ணன் ஒருத்தரு, வண்ணாரப்பேட்டைல துணிக்கடைல நிக்குற என் தங்கச்சி, வியாசர்பாடில இருந்து வர்ற ரெண்டு காலேஜ் பசங்க, அதுல ஒருத்தன் நல்லா கேரம் ஆடறவன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க மொட்டை மாடி. புக்கு இங்கிலீஷ்ல இருந்தாலும் ஆட்டம் முழுக்க தமிழ்லதான், எங்க தமிழ்ல.

புக்கு எப்படின்னா, படம் எல்லாம் பிரமாதம். ஒவ்வொண்ணுக்கும் கலர் படம், பக்கத்துலயே அது எங்க வாழும், எத தின்னும், யார பாத்தா பயப்படும்னு கதை, அப்புறம் கட்டம் போட்டு நம்பரு. நான் சண்டைக்கு முன்னாடி படத்த மட்டும் காட்டிட்டு பக்கத்த கையால மூடிக்குவேன், அந்த ஒரு நிமிஷம் மாடியே கப்சிப்னு ஆயிடும். எனக்கு அனுப்பின ஆன்லைன் கடைக்காரர் வெறும் கவர்ல போட்டு அனுப்பிட்டாரு, மூலை நசுங்கி தையல் விட்டு வந்துச்சு, மாத்திக் குடுங்கன்னா பதிலே இல்ல. பாரிமுனை பக்கம் ஒரு பைண்டிங் கடைல குடுத்து தெச்சு காலிகோ ஒட்டி வாங்கினேன், அதுலருந்து கடல் காத்துல வெச்சும் ஒரு பக்கம் கழண்டு வரல.

ஒரு பெரிய குறை இருக்கு. மான்ஸ்டர் எல்லாம் ஆங்கில அகர வரிசைல இருக்கு, சரி, ஆனா எது எவ்ளோ கஷ்டம்னு வரிசைப்படுத்துன பட்டியல் இந்த புக்குல கெடையாது. ஒவ்வொண்ணுக்கும் சேலஞ்ச் ரேட்டிங்னு ஒரு நம்பர் குடுத்திருக்காங்க, அந்த நம்பர வெச்சு தேடணும்னா டிஎம் கைடுன்னு இன்னொரு புக்க வாங்கணும், பட்டியல் அதுல பின்னாடி இருக்கு. ஆட்டத்துக்கு நடுவுல அவசரமா ஒரு சின்ன மான்ஸ்டர் வேணும்னா பெரிய பேஜாரு. நான் ஒரு லாங் சைஸ் நோட்டுல நானே உக்காந்து எழுதி வெச்சிருக்கேன், மூணு ராத்திரி ஆச்சு.

சரி, சண்டைக்கு வரேன். புக்குல மொத்தம் 14 வகை. அதுல ஐஸ் கம்பெனி அண்ணனுக்கு டிராகன்தான் எல்லாம், தங்கச்சிக்கு செத்தும் சாகாத வகை, கேரம் தம்பிக்கு பிஹோல்டர்ங்கிற கண்ணு பூதம், இன்னொரு தம்பி காப்ளின்ங்கிற குட்டிப் பிசாச விட்டா வேற எதையும் ஒத்துக்க மாட்டான். எனக்கு இவங்க நாலு பேரு பிரிக்கிற மாதிரி வகை பிரிக்கிறதே சரியா படல. நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: இதுக்கு வரம் இருக்கா, வரத்துல ஓட்டை இருக்கா?

நம்ம கதைங்கள எடுத்துக்கோங்க. இரணியனுக்கு மனுசனாலயும் மிருகத்தாலயும் சாவு கெடையாது, உள்ளயும் இல்ல வெளியயும் இல்ல, பகல்லயும் இல்ல ராத்திரியும் இல்ல. கேட்டா அடிக்கவே முடியாத ஆளு, ஆனா கதை கேக்குற சின்னப் புள்ள கூட உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சிடும், அப்ப வாசப்படில வெச்சு? அப்ப சாயங்காலம்? ராவணன் தேவர்களாலயும் அசுரர்களாலயும் சாவு வரக்கூடாதுன்னு கேட்டான், மனுசன கணக்குலயே எடுத்துக்கல, அங்கதான் மாட்டினான். அந்த ஓட்டைய தேடுற யோசனைதான் எனக்கு இந்த ஆட்டத்தோட உசுரு. மத்தபடி அவன் 20 அடிச்சான் நான் 15 அடிச்சேன்னு கழிச்சுக்கிட்டே போறது வட்டிக்கடை கணக்கு மாதிரி இருக்கும்.

இத எனக்கு கத்துக் குடுத்தது ட்ரோல்னு ஒரு ராட்சசன். சேலஞ்ச் ரேட்டிங் 5, ஹெச்பி, அதாவது எவ்ளோ அடி தாங்கும்ங்கிற உசுரு கணக்கு, 84, பெரிய நம்பர் ஒண்ணும் இல்ல. ஆனா அதோட ஒவ்வொரு முறை ஆரம்பத்துலயும் 10 ஹெச்பி திரும்ப வந்துடும், நெருப்போ ஆசிடோ பட்டா மட்டும் அந்த ஒரு முறைக்கு வராது. இத நான் யாருக்கும் சொல்லல. வெட்டுனாங்க, "வெட்டு மூடிக்குது"ன்னு மட்டும் சொன்னேன். அடுத்த ரவுண்டும் வெட்டுனாங்க, "கை விழுந்துச்சு, விழுந்த எடத்துல சதை துளிருது"ன்னேன். தங்கச்சி மொகம் மாறிடுச்சு. விழுந்து கெடந்தது திரும்ப எழுந்தப்ப ஐஸ் கம்பெனி அண்ணன் "இன்னாபா இது, அடிச்சதெல்லாம் வேஸ்ட்டா"ன்னு எழுந்தே நின்னுட்டாரு. ஓடலாமா இருக்கலாமான்னு அவங்களுக்குள்ள சண்டை, அந்த கேப்புல காப்ளின் தம்பி கைல இருந்த தீப்பந்தத்த தூக்கி அது மேல எறிஞ்சான், வேற எதுவும் கைல இல்லாததால எறிஞ்சான், நான் "இந்த தடவ காயம் மூடல"ன்னு சொன்னேன். அவ்ளோதான், மாடில போட்ட சத்தத்துல கீழ் வீட்டு அக்கா எட்டிப் பாத்து "இன்னாடா அங்க கலாட்டா"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு அவங்க கண்டுபிடிச்சது அவங்களோடது, இன்னி வரைக்கும் பை நிறைய எண்ணெயும் தீப்பந்தமும் இல்லாம ஒரு குகைக்குள்ள போக மாட்டாங்க.

ரஸ்ட் மான்ஸ்டர் அதவிட சின்னது, ரேட்டிங் அரை, ஹெச்பி 27. ரெண்டு மீசை நீட்டிக்கிட்டு வரும், மீசை பட்ட சாதா இரும்பு துருவா உதிரும், மந்திரம் இல்லாத கத்தியால அத அடிச்சா கத்தியும் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுப் போவும். ஆள கடிச்சா பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா கவசம் போட்டவன் அலறுவான். எங்க பக்கம் உப்புக் காத்துல கேட்டு கீலு, சைக்கிள் ரிம்மு, பைக் சைலன்சர் எல்லாம் எப்படி போவும்னு எல்லாருக்கும் தெரியும், ஐஸ் கம்பெனில கேக்கவே வேணாம், அண்ணனோட கேரக்டர் ஆசை ஆசையா காசு சேத்து வாங்கின கவசத்துல மீசை படும்போது அவரு நெஜமாவே "ஐயையோ"ன்னு கைய பின்னாடி இழுத்துக்கிட்டாரு. அப்புறம் அவங்க பண்ணுனது எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துது, எல்லா இரும்பையும் கழட்டி தூரமா வெச்சிட்டு, ஒரு பழைய ஆணி மூட்டைய அது முன்னாடி கொட்டி, அது சாப்ட்டுக்கிட்டு இருக்கும்போதே சைடுல போயிட்டாங்க. கொல்லவே இல்ல. அதுக்கு வேண்டியது இரும்புதான, குடுத்தாச்சு.

இதோட பொறப்பு கதையும் கேளுங்க. ஹாங்காங்ல செஞ்ச மலிவு பிளாஸ்டிக் பொம்மை, டைனோசர்னு சொல்லி ஒரு பாக்கெட்டுல விப்பாங்க, ஆனா எந்த டைனோசர் மாதிரியும் இருக்காது. அத கைகாக்ஸ் ஒரு சில்லறை சாமான் கடைல வாங்கிட்டு வந்து ஆட்டத்துல வெச்சாரு, அதுல ஒண்ணு ரஸ்ட் மான்ஸ்டர், ஒண்ணு ஆந்தைத் தலையும் கரடி உடம்புமா இருக்குற அவுல்பேர், ஒண்ணு நெலத்துக்கு அடில இருந்து பாயிற புலெட். நாங்களும் ஈவினிங் பஜார்ல ஒரு பாக்கெட் பொம்மை வாங்கிட்டு வந்து கொட்டி ஆளுக்கு ஒண்ணு எடுத்து அதுக்கு ஒரு வரம் எழுதணும்னு வெச்சோம். அன்னிக்கு எழுதினதுல நாலு இன்னும் எங்க ஆட்டத்துல இருக்கு. பொம்மை வாங்குறதுல தப்பே இல்ல, ரெண்டு கொம்பு ஜாஸ்தியா இருந்தா இன்னும் சோக்கா இருக்கும்.

டிராகன பத்தி நான் மொதல்ல தப்பா ஓட்டினேன், அத ஒத்துக்கறேன். சின்ன வயசு சிவப்பு டிராகன், ஹெச்பி 178, நெருப்பு ஊதுனா 16 டைஸ் போடணும், சராசரி 56. பறந்துச்சு, ஊதுச்சு, கடிச்சுச்சு, மூணு மணி நேரம் கழிச்சு செத்துச்சு. யாருக்கும் ஞாபகமே இல்ல. அண்ணன்தான் என்ன ஓரமா கூட்டிட்டு போயி அத்தோ வாங்கிக் குடுத்து பொறுமையா சொன்னாரு, "தம்பி, டிராகனுக்கு வாய் ஊதறதுக்கு மட்டும் இல்லபா, அது பேசும், அதுக்கு பேராசை இருக்கு, தங்கத்து மேல படுத்திருக்குற ஆளு அது, நீ அத வெறும் காளை மாடா ஓட்டிட்ட"ன்னு. அவரு சொன்னது சரி. புக்கும் அதத்தான் சொல்லுது, கருப்பு டிராகன் சதுப்புல, வெள்ளை பனில, ஒவ்வொண்ணும் சேக்குற பொருள் வேற, கர்வம் வேற. ரெண்டாவது தடவ அத பேச விட்டேன். கூடவே சூரசம்ஹாரத்துல இருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டேன், அங்க சூரன் உடம்பு அதேதான், தலைய மட்டும் மாத்தி மாத்தி வெப்பாங்க, யானை மொகம், சிங்க மொகம், அப்புறம் அவன் மொகம், கடைசில மாமரம். அந்த மாதிரி டிராகன் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு குணம் மாறுச்சு, மொதல்ல கர்வம், அப்புறம் பயம், கடைசில கெஞ்சல். கெஞ்சும்போது தங்கச்சி கத்திய எறக்கிட்டா. அண்ணன் கட்சி அன்னிக்கு ஜெயிச்சுது, இருந்தாலும் அது புக்குல இருக்குற நம்பரால ஜெயிச்சது இல்லன்னு நான் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கேன், அவரும் ஒத்துக்கல.

பிஹோல்டர் பத்தி எனக்கு இருந்த எண்ணத்த கேரம் தம்பி மாத்திட்டான். பெரிய உருண்டை, நடுவுல ஒரு பெரிய கண்ணு, தலைல பத்து காம்பு, ஒவ்வொரு காம்பு கண்ணுல இருந்தும் ஒரு கதிர், ஒண்ணு கல்லாக்கும், ஒண்ணு தூங்க வைக்கும், ஒண்ணு சாம்பலாக்கும். ரேட்டிங் 13, ஹெச்பி 180. நடுக்கண்ணு பாக்குற பக்கம் 150 அடிக்கு எந்த மந்திரமும் வேலை செய்யாது. எல்லாரும் அந்த பார்வைல இருந்து ஓடுறாங்க, இவன் மட்டும் கொஞ்ச நேரம் கோணம் பாத்துட்டு, "ணா, மந்திரமே வேலை செய்யாதுன்னா அதோட கதிரும் அங்க வேலை செய்யாது இல்ல?"ன்னு கேட்டான். புக்குல அப்படியே எழுதியிருக்கு, அதோட சொந்தக் கதிருக்கும் அதே கதிதான். அப்புறம் எல்லாரும் அந்த பெரிய கண்ணுக்கு நேரா போயி நின்னு கத்தியால சண்டை போட்டாங்க. பயந்து ஓடுன எடமே பத்திரமான எடமா ஆச்சு. வரமும் ஓட்டையும் ஒரே கண்ணுல வெச்சிருக்காங்க, இத யோசிச்ச ஆளுக்கு ஒரு கும்பிடு.

மிமிக்னு ஒண்ணு இருக்கு, அத சீக்கிரம் சொல்லிடறேன். பெட்டி மாதிரி உக்காந்திருக்கும், தொட்டா கை ஒட்டிக்கும். நான் அத புதையல் பெட்டியா வெக்காம மீன் ஐஸ் பெட்டியா வெச்சேன், நாலு பெட்டி வரிசையா, ஒண்ணுல மட்டும் தண்ணி சொட்டல. கவனிச்சது யாருன்னு நான் சொல்லத் தேவையில்ல.

காப்ளின் தம்பிக்கும் நியாயம் இருக்கு. ஹெச்பி 7 இருக்குற காப்ளின் ஒவ்வொரு முறையும் அடிச்சிட்டு அதே வேகத்துல நழுவலாம், இல்லன்னா ஒளிஞ்சுக்கலாம்னு ரூல் இருக்கு. திறந்த மைதானத்துல அது ஒண்ணுமில்ல, ஆனா எங்க தெரு மாதிரி சந்துல, ஒரு பக்கம் தண்ணி லாரி, ஒரு பக்கம் துணி காயுற கொடி, அங்க எட்டு காப்ளின விட்டுப் பாருங்க, பெரிய பெரிய வீரனெல்லாம் ஜகா வாங்குவான்.

இப்ப நான் கோவப்படுற ஒரு எடம். ராக்ஷசா. நம்ம ஊரு அரக்கன் ஒருத்தன் இந்த புக்குல இருக்கான்னு ஆசையா பக்கத்த புரட்டுனா புலித் தலையோட, பட்டு டிரஸ் போட்டுக்கிட்டு, உள்ளங்கை திரும்பிப் போன ஒரு ஆளு நிக்கிறான். 1977 புக்குலயே புலித் தலை, வாய்ல பைப்பு. மந்திரிச்ச குறுக்குவில் அம்பு ஒண்ணு பட்டா சாவான்னு அப்ப ஒரு ரூல் இருந்துது, அது வந்த எடம் நம்ம இதிகாசம் கெடையாது, 1974ல அமெரிக்காவுல ஓடுன ஒரு டிவி தொடர். 2014ல அந்த ஒத்த அம்பு சாவு போயிடுச்சு, நல்லவன் கைல இருக்குற மந்திர ஆயுதம் குத்துனா ரெண்டு மடங்கு அடின்னு மட்டும் வெச்சிருக்காங்க, ஆறாம் லெவல் வரைக்கும் எந்த மந்திரமும் அவன் இஷ்டம் இல்லாம ஒட்டாது. உருவம் மாத்திக்கிறத மட்டும் சரியா பிடிச்சிருக்காங்க, சூர்ப்பணகை அழகியா வந்தா, மாரீசன் மானா வந்தான், அது நெஜமாவே அரக்கன் குணம். ஆனா வரம் எங்க? அவன் பண்ணுன தவம் எங்க? தவம் பண்ணி நேர்மையா வாங்குன ஒண்ண தப்பா செலவு பண்றவன்தான் நம்ம அரக்கன், அதனாலதான் அவன் சாகும்போது நமக்கு நெஞ்சுல ஏதோ பண்ணுது. புலித் தலைக்கு அது வராது. நான் எங்க ஆட்டத்துல அந்த பக்கத்த ஓட்டுறதில்ல, நம்பர மட்டும் எடுத்துக்கிட்டு அரக்கனுக்கு ஒரு தவத்தையும் ஒரு வரத்தையும் நானே எழுதறேன்.

டராஸ்க்னு ஒரு பிரம்மாண்டமான மிருகம், அதுக்கும் இதேதான் நடந்திருக்கு. ஃபிரான்ஸ் நாட்டு கர்ண பரம்பரைக் கதைல அத புனித மார்த்தா தீர்த்தம் தெளிச்சு சாந்தமாக்குனாங்க. புக்குல அது ஹெச்பி 676, ரேட்டிங் 30.

தங்கச்சி கட்சிக்கு வந்தா நான் பாதி தோத்துட்டேன்னு சொல்லலாம். லிச்னு ஒண்ணு இருக்கு, மந்திரவாதி சாகாம இருக்க தன் உசுர ஒரு பெட்டில வெச்சு ஒளிச்சிடுவான், உடம்ப அழிச்சா ஒண்ணுலருந்து பத்து நாளைக்குள்ள புது உடம்போட திரும்ப வருவான். நான் இத விளக்க ஆரம்பிச்ச உடனே அவ "ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டி கிளிக்குள்ள உசுரு, ஆயா சொன்னதுதானணா"ன்னு முடிச்சிட்டா. அதே கதை. சண்டை மான்ஸ்டர் முன்னாடி நடக்காது, ஊரு ஊரா அந்த கிளிய தேடி நடக்கும், யார கேக்கணும், யார ஏமாத்தணும், யாருக்கு என்ன தெரியும்னு. எங்க ஆட்டத்துல ஆறு மாசமா அந்த தேடல்தான் ஓடுது. வரம் உள்ள மான்ஸ்டர்னு நான் சொல்றதுக்கு இந்த புக்குல இதவிட பெரிய சாட்சி கெடையாது.

புக்குல வேதாளம் இல்ல, எனக்கு அது பெரிய ஏக்கம், அதனால நானே எழுதினேன். ஹெச்பி போடல. முருங்கை மரத்துல தொங்கும், தோள்ல தூக்கிட்டு வரணும், வழில கதை சொல்லி கேள்வி கேக்கும், பதில் தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தா தலை வெடிக்கும், வாயத் தெறந்து பதில் சொன்னா மரத்துக்கே திரும்பிப் போயிடும். அன்னிக்கு கரண்ட் வேற போச்சு, செல்போன் லைட்ட தலகீழா வெச்சு நான் கேட்டேன்: ஒரு போட்டுக்காரன் வலை அறுந்து கடல்ல போச்சு, ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு போட்டுக்காரன் அத இழுத்தான், உள்ள மீனு, அந்த மீன கரைல ஏலம் விட்ட காசு யாருக்கு? அண்ணனுக்கு பதில் தெரியும், பொறந்ததுலருந்து துறைமுகத்துல இருக்குறவரு, பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, பக்கத்துல பசங்க "சொல்லாதணா சொல்லாதணா"ன்றானுங்க, தங்கச்சி "தலை வெடிச்சிடும்ணா, சொல்லிடு"ன்றா. ஒரு டைஸ் கூட உருட்டல. கடைசில சொல்லிட்டாரு, வேதாளம் பறந்துச்சு, திரும்ப மரத்துக்கு நடந்தாங்க, அது மாதிரி நாலு தடவ.

வாங்கலாமான்னா, டிஎம்மா உக்காரப் போற ஆளு ஒருத்தர் வாங்குனா போதும், செட்டுல எல்லாரும் வாங்க வேணாம். 2014ல வந்தப்ப அட்டை விலை 49.95 டாலர், நம்ம பணத்துல பெரிய காசு. காசு இல்லன்னா கவலைப்படாதீங்க, 2023 ஜனவரில இந்த ஆட்டத்தோட அடிப்படை ரூல் எல்லாத்தையும் எஸ்ஆர்டி 5.1ன்னு ஒரே ஃபைலா கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுட்டாங்க, 403 பக்கம், சட்டப்படியே ஃப்ரீ. ட்ரோல், ரஸ்ட் மான்ஸ்டர், மிமிக், லிச், ராக்ஷசா, டிராகன் எல்லாம் அதுல இருக்கு, நான் மேல சொன்னதுல பிஹோல்டர் மட்டும் இல்ல. படமும் கதையும் இருக்காது, நம்பர் இருக்கும். ஃபைலோட பின்பாதிலதான் மான்ஸ்டர் எல்லாம், அந்த பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் கடைல ரெண்டு பக்கமா எடுத்து ஸ்பைரல் போட்டுக்கோங்க, ஓரத்துல எழுத எடம் விட்டு எடுக்க சொல்லுங்க. படத்துக்கு நாலரை ஸ்டார், கதைக்கு நாலு, தேடுற வசதிக்கு ஒண்ணரை, ராக்ஷசா பக்கத்துக்கு ஒண்ணும் இல்ல.